பேரம்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் நான்,
தப்ரீஸில், பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே.
சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை,
சிறுநீரகம் உட்பட.

சங்க அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் குத்ரத்.
இருபத்தெட்டு வயது. லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்.
நகக்கண்ணில் கரி. சட்டை மட்டும் புதிது,
கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.
எழுத்தர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
தொகை எழுதும் கட்டத்துக்கு மேலே
'அன்பளிப்பு' என்று அச்சிட்டிருந்தது.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவனுடைய ரத்தம், ஈரல், நுரையீரல்,
நாளுக்கு எத்தனை சிகரெட்,
தகப்பன் எதில் செத்தான்,
எல்லாம் கேட்டேன்.
படுத்துக் கிடக்கப்போகும் இரண்டு மாதத்துக்குத்
தனியாகக் கூலி கேட்டான்.
ஒரு மாதம் தருகிறேன் என்றேன்.
சரி என்றான்.
அவ்வளவு சீக்கிரம் சரி என்றிருக்கக் கூடாது.

என்னைக் குறை சொல்கிறவர்கள்
வாரத்தில் மூன்று நாள்
கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக்
கூரையின் ஈரக்கறையை எண்ணியதுண்டா?
கோடையிலும் மூன்றே குவளைத் தண்ணீர்,
மாத்திரை விழுங்குவதும் அதில் சேர்த்தி.
தம்பி ஷாபூருக்கு என் ரத்த வகைதான்.
அழுதான். ஒரு கூடை மாதுளை கொண்டுவந்தான்,
எனக்கு ஆகாத பழம்.
பயந்தான்.
பயப்பட அவனுக்கு வசதி இருந்தது.

குத்ரத்துக்கு மூன்று காசோலைகள் திரும்பியிருந்தன.
'ஜெயிலைவிட இது கம்மி நாள்' என்று சிரித்தான்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
நானே எழுந்து போய் சிறுநீர் கழித்தேன்.
ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்.
கதவைச் சாத்திக்கொண்டு
தாதி வந்து தட்டும்வரை அழுதேன்.

பணம் எண்ணிக் கொடுத்தாயிற்று.
ரசீதில் அவன் கையெழுத்து, அழகான கையெழுத்து.
கணக்குத் தீர்ந்தது என்றார் எழுத்தர்.

நவ்ரோஸ் அன்று காலை கைபேசி அடித்தது.
அவன்தான்.
எடுப்பதற்குள் ஒரு தொகையை முடிவுசெய்துவிட்டேன்.
கேட்டால், அதில் பாதியிலிருந்து தொடங்கலாம்.

'நல்லா வேலை செய்யுதா?'
செய்யுது என்றேன்.
'தண்ணி நிறையக் குடிங்க.'
பின்னால் யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
வைத்துவிட்டான்.

அடுத்த வருஷமும் அதே கேள்வி.
இந்த வருஷமும்.
வேறொன்றும் கேட்க மாட்டேன் என்கிறான்.
கேட்டுத் தொலைத்தால் தேவலை.

வெட்டிய அந்த ஒரு மாதக் கூலி
கல்லாப்பெட்டியில் உறைக்குள் கிடக்கிறது.
முகவரி எழுதிவிட்டேன்.
இன்னதற்கு என்று ஒரு சொல் எழுத வேண்டும்.
படிவத்தில் இருந்த சொல்லை எழுத
கை வரவில்லை.