அறுபத்து மூன்று நடை

எண்பத்தெட்டாயிரத்து இருநூறு
என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டி
சரியா நாலு ராத்திரி வருதுக்கா, என்றார்.
முதலாளி துபாயில் இருக்கிறார்,
ரொக்கம் கைக்கு வர நாளாகும்,
நீங்களும் அண்ணாச்சியும் இங்கே தங்கிக்
கழித்துக்கொள்ளலாமே.

முக்காணியிலிருந்து காயல்பட்டினத்துக்கு
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
நடைக்கு ஆயிரத்து நானூறு.
இதைப் படுத்துக் கழிப்பது எப்படி என்பதுபோல்
மாசானமுத்து என்னைப் பார்த்தார்.
ஒரு ராத்திரி பார்ப்போம், என்றேன்.
கருவாட்டைக்கூட மோந்துதானே வாங்குகிறோம்.

அறைக்கு எண் இல்லை, லாயம் என்று பேர்.
சாவியில் பித்தளைக் குதிரைத்தலை தொங்கியது.
சுவரில் சட்டம் போட்ட ஓர் அட்டை:
அந்தக் காலத்தில் இந்தக் கரையில்
அரபுக் குதிரைகள் வந்து இறங்கினவாம்.
வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும்
பாண்டிய ராஜா எண்ணிக் காசு கொடுத்தாராம்.
இரண்டு தடவை படித்தேன்.
அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மூன்றாம் தடவை.

குளியலறை எங்கள் அடுப்படியைவிடப் பெரிது.
நடுவில் சிங்கக்கால் வைத்த வெள்ளைத் தொட்டி,
எப்படியும் முந்நூறு லிட்டர் பிடிக்கும்.
குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன்.
எங்கள் கிணறுதான்.
கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் வாழைத்தோப்பு.
பாதி நிரம்புமுன் மனசு கேட்காமல் மூடினேன்.
இறங்கி உட்கார்ந்தால்
முழங்கால் இரண்டும் திட்டுத் திட்டாக
வெளியே நின்றன.

மெத்தை ஆளை விழுங்கியது.
லாரி சேத்துல பதிஞ்ச மாதிரி இருக்குட்டி
என்று அவர் தரையில் துண்டை விரித்துவிட்டார்.
நான் விடவில்லை. ரூபாய் இருபத்திரண்டாயிரத்து ஐம்பது.
குறுக்கே படுத்தேன், நெடுக்கே படுத்தேன்,
தலையணை ஆறையும் தொட்டுப் படுத்தேன்.

முற்றத்தில் ராத்திரி முழுக்க நீரூற்று.
கண்ணை மூடிக்கொண்டு அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.
விட்ட தண்ணியத்தான் திருப்பித் திருப்பி விடுதான்
என்று முடிவுக்கு வந்த பிறகுதான்
குறட்டை வந்தது.

நாலு மணிக்கு போன்.
அண்ணாச்சி, மாடித் தொட்டி காலி, ஒரு நடை அவசரம்.
இருட்டில் லாரிச் சாவியைத் துழாவிய கைக்குக்
குதிரைத்தலை அகப்பட்டது.
படுங்க, என்றேன்.
இன்னைக்கு நாம விருந்தாளி.

ஏழு மணிக்கு நீரூற்று இரண்டு தடவை இருமி நின்றது.
வராந்தாவில் யாரோ இந்தியில் கத்தினார்கள்.
எட்டிப் பார்த்தேன்.
இடுப்பில் டவல், தலையெல்லாம் நுரை,
ஒரு பம்பாய்க்காரர்
கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவி வந்தார்.

மேனேஜர் எங்கள் கதவைத் தட்டியபோது
நான் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.
முடித்துவிட்டுத்தான் திறந்தேன்.
உள்ளே வாங்க தம்பி,
இந்த அட்டையைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க.
படித்தார்.
செத்த குதிரை வரைக்கும் வந்து
குரல் இறங்கிவிட்டது.
எங்க குதிரை அறுபத்து மூணும்
உயிரோடதானே வந்துச்சு, என்றேன்.

அங்கேயே நின்று நாற்பதாயிரம் போட்டார்.
மீதி திங்கட்கிழமை என்றார்.
எந்தத் திங்கள் என்று கேட்கத் திரும்பினால்
இவர் பாதிப் படி இறங்கியிருந்தார்,
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.
பாவம், சோப்பு கண்ணுல எரியும்லா.
இந்த மனுஷனை வைத்துக்கொண்டு
நான் என்ன வியாபாரம் செய்ய?

தோசையைத் தின்றுவிட்டு நோட்டை எடுத்தேன்.
தோசை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
வரவு நாற்பதாயிரம்.
தங்கிய வகையில் கழிவு:
மெத்தையில் படுத்தது ஓர் ஆள்தான்,
ஆகவே பாதி வாடகை, பதினோராயிரத்து இருபத்தைந்து.
பாக்கி முப்பத்தேழாயிரத்து நூற்று எழுபத்தைந்து.

பின்வாசலில் லாரி பின்னுக்கு வரும் மணிச்சத்தம் கேட்டது.
கோடு போட்டு, கீழே எழுதினேன்:
அறுபத்து நாலு.