பதினெட்டு வீதம்

சண்டிலிப்பாயில் கலியாணப் படம் எடுக்கிறவர் வித்த கமரா.
நெருப்புப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிசு.
மாதகல் சங்கத்தில் இருபத்தேழு பேர்
சந்தா போட்டு வாங்கினது.
பற்றரி இரண்டு தந்தார்.
ஒன்று பேத்தை மீன் மாதிரி வயிறு ஊதிக் கிடந்தது,
அதைத் தொடவேண்டாம் என்று அவரே சொன்னார்.

மிச்சம் ஒன்று. ஓடினால் ஒரு மணித்தியாலம்.
கடலில் இரவுக்கு
பத்து மணித்தியாலம்.

றோலர் வரும் நாள் தெரியும், திங்கள் புதன் சனி.
வரும் நேரத்தை அவங்கள் ஆருக்கும் சொல்லுவதில்லை.

ஆகவே அணைக்கத் தொடங்கினோம்.
பின்பக்கத் திரையை முதலில்:
இருட்டுக்குள் எங்கட முகத்தை நாங்களே பார்த்து என்ன.
வைபை. நடுக்கடலில் அது ஆரோடை கதைக்கப்போகுது.
படத்தின் துல்லியத்தை இரண்டு படி இறக்கினோம்.
குலுங்காமல் காட்டும் வித்தையை நிறுத்தினோம்,
படகு ஆடினால் ஆடினதாகவே தெரியட்டும்.
கூப்பிட்ட குரலுக்கு விழிக்கும் காது, அதையும்.
இடம் குறிக்கிறதை அணைக்கப் போனபோது
சூசைநாதன் கையைப் பிடித்தான்.
"அது எரியட்டும். ஆரின்ர கடல் எண்டதுதானே வழக்கு."

கடைசியாக,
பதியும்போது மினுங்கும் சிவப்பு விளக்கு,
அமத்தும்போது வரும் கீச்சுச் சத்தம்.
இவையும் போனபிறகு
ஒரு பொத்தான் மட்டும்.
ஒருக்கால் அமத்தினால் எழும்பிப் பதியும்,
மறுக்கால் அமத்தினால் படுக்கும்.

வலை போடும்வரை பற்றரியைக் கழற்றி
பொலித்தீனில் சுற்றிச் சாரக்கட்டுக்குள் வைத்திருந்தேன்.
வாடையில் குளிர்ந்தால் இறங்குமாம்.
முந்திக் காசு வைத்த இடம்.

ஒரு மணிக்குக் கிட்ட வடக்கே ஒரு வெளிச்சம்.
நடுவில் கட்டின கம்பில் கமரா. அமத்தினேன்.
கிட்ட வந்தது கீரிமலைப் பெடியளின்ர படகு.
திரும்ப அமத்தினேன்.
அணியத்தில் இருந்த சூசைநாதன்
நான் மறந்திருப்பேன் என்று நினைத்து
எட்டித் தானும் ஒருக்கால் அமத்தினான்.

பிறகு, உண்மையிலேயே வந்தது.
மூன்று றோலர்.
பாய்ந்து விழுந்து அமத்தினேன்.
ரோச் அடிக்கவில்லை, கத்தவில்லை,
கமரா பார்த்துக்கொள்ளும் என்று
வலை போகப் போக இருந்தோம்.

விடிய மெமரிக்காட்டைப் போட்டுப் பார்த்தால்
ஐம்பத்திரண்டு நிமிடம்.
கறுப்பு. படகின் விலாவில் தண்ணி தட்டுது.
சூசைநாதன் பாண் பிய்க்கிறான்.
ஜெனிற்றாவின்ர சங்கிலி ஈட்டில் கிடக்கிற கதை,
வட்டி, மீட்கிற திகதி தாண்டினது,
"உனக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்" என்கிறான்.
பதிலுக்கு என் குறட்டை.
தூரத்தில் எஞ்சின். இன்னும் கிட்ட.
"டேய் எழும்பு, வருது, அமத்து!"
அதோடு முடிகிறது.

றோலர் எங்கே என்று கேட்டார் பரிசோதகர்.
இடம் மட்டும் ஒழுங்காக விழுந்திருந்தது,
பாகை, கலை, விகலை பிசகாமல்.
எங்கட கடல்தான்.

பற்றரியில் இன்னும்
பதினெட்டு வீதம் கிடந்தது.

அடுத்த புதன் இறங்கமுதல்
சிவப்பு விளக்கைத் திரும்பப் போட்டோம்.
அது தின்னுகிறதைத் தின்னட்டும்.
சங்கிலியைப் பற்றி
நான் அவனிடம் இன்னும் கேட்கவில்லை.