கைநாட்டு

செத்திமோவில் அப்போதெல்லாம்
கொம்பில் பொத்தான் கடைவதுதான் பிழைப்பு.
கோர்ராதோ வியால்பா மட்டும்
அதே எந்திரத்தில் பேனாக் குழல் கடைந்தார்.
முதல் நூறும் ஒழுகின.

நான் முள் பார்க்கிறவள்.
நாளைக்கு நானூறு முள்.
ஒவ்வொன்றாலும் ஓர் எட்டுப் போட வேண்டும்:
கீறினால், கசிந்தால் இடப்பக்கத் தட்டு,
வழுக்கிப் போனால் வலப்பக்கம்.
ஒன்பது வருஷத்தில் நான் எழுதியது
எட்டைத் தவிர வேறில்லை.

முள்ளில் தங்கம் கூடாதென்று
ரோமிலிருந்து உத்தரவு வந்தது.
எஃகுக்கு மாறினோம்.
'தேசத்தின் உறுதி' என்று விளம்பரம் போட்டார்.
என் மேசையில் அதற்குப் பெயர் கீறல்.

அவருடைய கணக்குப் புத்தகம்
முதல் பக்கத்திலிருந்தே பென்சில்.
ஏனென்று யாரும் கேட்டதில்லை.
சட்டைப்பையில் மின்னும் பேனாவின் மூடி
கழன்றும் பார்த்ததில்லை.

நாற்பத்து மூன்று, மார்ச், காலை பத்து மணி.
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது,
கை ஓடவில்லை ஒருத்திக்கும்.
ரொட்டிக்கும் கூலிக்கும் ஒரு தாள் நீட்டினோம்.
பென்சிலை எடுத்தார்.
"மையில்," என்றாள் ஓர்த்தென்சியா.

அறுபது பெண்கள் பார்த்திருக்க
மூடியைத் திருகினார்.
கொட்டியது மை.
கையெழுத்தை விழுங்கி, விரலேறி,
தாளின் ஓரத்தில்
பெருவிரல் ரேகை
சுழி சுழியாய், நீலமாய்.

பேனா முதலாளி
கைநாட்டு வைத்துவிட்டு
கை கழுவப் போனார்.

கூலி ஏறியதா என்றால்,
கேட்டதில் பாதி.

மேசையில் விட்டுப்போன பேனாவால்
வழக்கம்போல் ஓர் எட்டுப் போட்டேன்.

இடப்பக்கத் தட்டு.