விரலுக்குப் போகிற போல்ட்

பணகுடி தாண்டினால் காற்று
கதவைத் திறந்து ஏறப் பார்க்கும்.
ஆனிக் கடைசி.
காற்றாலைகள் மேற்கே முகம் வைத்து
எதையோ மென்றுகொண்டே நிற்கும்.
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்துத்தான்
நான் நேராகப் போவேன்.

கூடவே ஒரு சத்தம்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
முன்னால், இடப்பக்கம், டொக்.
"டிக்கியில தேங்கா உருளுதாக்கா?" என்பான் செல்வின்.
டிக்கியில் கிடப்பது அவனுடைய ஸ்பானர் பெட்டி.
அது பாவம், வாய் திறப்பதில்லை.

வள்ளியூரில் லிங்க் ராடு மாற்றினார்கள்.
ஜாக்கியில் தூக்கி
சக்கரம் தொங்கத் தொங்க நட்டை இறுக்கி
ஆயிரத்து நானூறு வாங்கினார்கள்.
டொக் போய்விட்டது.
வண்டி மட்டும் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தது,
பந்தியில் கவனிக்காமல் விட்ட சம்பந்தி
பஸ் ஸ்டாண்டுக்குப் போவதைப் போல.

மேலப்பாளையத்தில் மீரான் பிச்சை
குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
"தொங்குன காலுக்கா செருப்பு அளவெடுப்பாவ?
தரையில நிக்கணும்லா."

குழிமேல் வண்டியை நிறுத்தி
நாலு சக்கரமும் மண்ணில் இருக்க
அவர் உள்ளே இறங்கினார்.
"ஏறி உக்காருங்கம்மா."
எங்கே போக?
"எங்கயும் போவாண்டாம். சும்மா இருங்க. எடை எவ்வளவு?"
அறுபத்திரண்டு என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஸ்பிரிங் அறுபத்தெட்டுங்குது"
என்றது குழி.

பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன்.
சாவி போடாமல்
இந்த சீட்டில் இவ்வளவு நேரம் இருந்ததில்லை.
கீழே அவர் குரல், விட்டு விட்டு, இரும்போடு:
இந்த ஸ்டெபிலைசர் பார் இருக்கே, முறுக்குக் கம்பி.
இந்தச் சக்கரம் ஏறினா அந்தச் சக்கரத்துக்குச் சொல்லும்.
சமதரையில அதுக்குச் சோலி கிடையாது.
சோலி இல்லாதப்பவும் வெறச்சுக்கிட்டு நின்னா
யாரோ அளவு தப்பிக் கட்டியிருக்கான்னு அர்த்தம்.

புதிய லிங்க் ராடுக்கு
ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரை.
நடுவைத் திருகினால் நீளும், திருப்பினால் குறுகும்.
அரைச் சுற்று. போகவில்லை. கால் சுற்று.
"போல்ட்டு விரலுக்குப் போவணும்.
சுத்தியல் கேட்டா நாம தப்பு."

பிறகு கேட்டார்:
"யாருக்கு வெச்சு விட?"
மூன்று பேர் ஏறுவார்கள் என்றேன்.
பின்னால் இடப்பக்கம் செல்வின், தொண்ணூறு கிலோ.
"அவ்வோ எவ்வளவு தூரம்?"
காலையில் பதினெட்டு. சாயங்காலம் பதினெட்டு.
"மிச்சம்?"

மிச்சம் எல்லாம் நான்தான்.
டீசல் போட, எஃப்சி காட்ட,
ராத்திரி பதினொன்றுக்கு காவல்கிணறிலிருந்து காலியாகத் திரும்ப.
"எனக்கு வைங்க" என்றேன்.
சொன்ன பிறகு
கண்ணாடியில் பின் சீட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

பின் பாரில் மூன்று துளை.
உள்துளையில் மாட்டி நாங்குநேரி வரை ஓட்டினோம்.
காற்றுக்கு அசையவில்லை. சரி.
ஒரு பள்ளத்தில் இடச்சக்கரம் விழுந்ததும்
வலது துள்ளி எழுந்து அழுதது,
யார் வீட்டுச் சாவு என்று கேட்காமல்.
வளைவில் வால் வெளியே எட்டிப் பார்த்தது.
"ரொம்ப ஒட்டும் ஆகாது" என்று
புளியமரத்தடியில் நிறுத்தி
நடுத்துளைக்கு மாற்றினார்.
மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடை ஆடு
எங்களைப் பார்த்தபடி தும்மியது.

நான் மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.
கதவு திறந்திருந்தது. காற்று ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.
கீழே
போல்ட் துளைக்குள் நழுவியது
எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை ஏழு மணி.
செல்வின் ஏறி, பெட்டியை வைத்து,
பிருஷ்டத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான்.
"அக்கா, வண்டி எங்க பக்கமா லேசா சாயுதே."

ஆமா, என்றேன்.