திறப்பு

'நிரந்தர முகவரி' என்ற இடத்தில்
"பஸ் ஸ்ராண்ட், பூட்டின புடவைக்கடை வாசல்,
மழை எண்டால் மற்றப் பக்கம்" என்று
எழுதச் சொன்னார் மார்க்கண்டு.
வயது?
பதினாறு என்றார்.
பேருக்கேற்ற பகிடி. பல் ஐந்தோ ஆறோ தெரிந்தது.

பதினொரு வருசம்.
ஆசுப்பத்திரி தெரியும், மறியல் தெரியும்.
குடியை விடு, பிறகு கட்டில் தாறம் என்ற விடுதியும் தெரியும்.
"கட்டில் இருந்திருந்தால் விட்டுப் பாத்திருப்பன்."
அதைக் கோப்பில் எழுதினேன்,
அதற்கென்று பெட்டி இல்லாததால், ஓரமாக.

கொக்குவிலில், தண்டவாளத்துக்குக் கிட்ட,
நாலு அறையாகப் பிரித்த பழைய வீடு.
சத்தியம் ஒன்றும் வாங்கவில்லை.
திறப்பை உள்ளங்கையில் வைத்தபோது
மீனில் முள் பார்க்கிறவர்போல விரலால் தடவினார்.
"இன்னொண்டு ஆரிட்ட?"
"கந்தோரில. நீங்கள் துலைச்சால் தர."
"நான் குடிச்சால்?"
"உங்கட அறைக்குள்ளதானே குடிப்பியள்."
கனநேரம் என்னையே பார்த்தார்.

செவ்வாய்தோறும் போவேன்.
மருந்து, பிரஷர், அடையாள அட்டைக்கு அலைச்சல்.
கட்டிலில் அரிசிப் பை படுத்திருக்கும்.
அவர் கதவோரம், நிலத்தில்,
செருப்பைத் தலைக்கு வைத்து.
மதிலுக்கு அப்பாலிருந்து ஒருவர்:
"பிள்ளை, குமர் இருக்கிற வீடு எங்கட."
அவருக்கும் இது வீடுதான் அய்யா
என்று சொல்ல நினைத்து
"கதைக்கிறன்" என்றேன்.

நாலாம் கிழமை அறை பூட்டிக் கிடந்தது.
புடவைக்கடை வாசலில், விரித்த அட்டைப்பெட்டியில் இருந்தார்.
"அங்க என்னை ஒருத்தரும் எழுப்பேல்ல, பிள்ளை.
இங்க நாலரைக்குக் கூட்டுறவன் தண்ணி அடிப்பான்,
பொலிஸ் காலால தட்டும்.
அங்க விடியுது, விடியுது, ஆரும் வரேல்ல.
செத்துப்போனனோ எண்டு
ரண்டுதரம் கையைக் கிள்ளிப் பாத்தன்."

வேறு ஆளுக்குக் கொடுக்கலாமே என்றார்கள் கூட்டத்தில்.
வரிசையில் நாற்பத்துமூன்று பேர்.
திறப்பு அவரின் சாரத்து முடிச்சில் இருக்கிறது என்றேன்.
வேறு நியாயம் என்னிடம் இருக்கவில்லை.

மூன்றாம் அறை புஸ்பராணி
முந்தி ஸ்டேசன் வாங்கில் படுத்தவள்,
இப்போது சந்தியில் அப்பம் சுடுகிறாள்.
"போற வழிதானே, தட்டிவிடுறன்" என்றாள்.

இன்று நானும் போனேன்,
ஸ்கூட்டியை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு.
முதல் ரயில் இன்னும் வரவில்லை.
புஸ்பராணி இரண்டு தட்டுத் தட்டினாள்.
ஒன்றும் இல்லை.
இன்னும் இரண்டு.
உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

கட்டில்.

"ஆரது?"
பதினொரு வருசமாய் ஊர் அவரைக் கேட்டது.
அதே அதட்டல்.
"நான்தான்" என்றாள் புஸ்பராணி.
"என்ன விசயம்?"
"விடிஞ்சிட்டுது."
"சரி, சரி.
நான் இன்னும் கொஞ்சம் படுக்கப்போறன்."