போரா

இரவு பதினொன்றே முக்காலுக்கு
அன்றைய கணக்கில் மீந்திருக்கும் டேட்டா
முந்நூறோ நானூறோ எம்பி.
பன்னிரண்டு அடித்தால் செல்லாது.
சார்ஜர் வயரில் போனைத் தொங்கவிட்டு
விடிந்தால் உலையில் போடும் அரிசியைப் போல
ஒரு பாகம், இரண்டு பாகம்
அளந்து இறக்கி வைப்பேன்.

சிலமலையில் ஜீப் ஏறும்போது மணி ஐந்தரை.
பதினான்கு பேர்,
பின்னால் தொங்கி வரும் பவுன்ராசுவின் மச்சினனைச் சேர்க்காமல்.
முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில்
டவர் போய்விடும்.
அதற்கப்புறம் என் மடிதான் தியேட்டர்.
ஓரத்தில் உட்காரும் ஒச்சம்மாவுக்கு வசனம் மட்டும்.
எதிர் சீட்டு சிலம்பாயிக்குப் படம் மட்டும்,
அதுவும் தலைகீழாக.
இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொல்லி ஒட்டவைத்து
பூப்பாறை வருவதற்குள்
வேறொரு கதை வைத்திருப்பார்கள்,
என்னுடையதைவிட நன்றாக.

மெட்டில் ஒரு நிமிசம் போனுக்கு உயிர் வரும்.
கேரளம் உங்களை வரவேற்கிறது.
தினமும் வரவேற்கிறது.
தினமும் அழிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த மலையாளம்
ஒரு சாக்குக்குள் அடங்கும்.
வேகம். இவிடெ. நாளெ வரண்டா.
அப்புறம், போரா.
முதல் வருசம் என் கூடையைப் பார்த்து
பிஜுமோன் போரா என்றபோது
யார் போறா என்று திரும்பிப் பார்த்தேன்.
கொட்டகையே சிரித்தது.
பத்தாது என்று அர்த்தமாம்.
சனிக்கிழமை கூலியில் நூறு ரூபாய் குறைந்தபோது
இன்னும் தெளிவாகப் புரிந்தது.

கடைசிப் பாகம்
எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க
பன்னிரண்டு அடித்துவிட்டது.
காலையில் ஜீப்புக்குள் கலவரம்.
"பிழைப்பாளா மாட்டாளா, அத மட்டும் சொல்லுடி."
நானே பார்க்கவில்லையே.

சாயங்காலம் எடை போடும் ஜோபியிடம் கேட்டேன்.
தன் போனிலிருந்து நெட் கொடுத்தான்,
என் போனை வாங்கி எதையெதையோ தொட்டான்.
மிச்சம் இறங்கிவிட்டது.
குரல் மட்டும் மலையாளமாக.

இறக்கத்தில் மழை.
தார்ப்பாய் கட்டிய இருட்டில்
என் மடியில் ஆஸ்பத்திரி வெளிச்சம்.
பத்தொன்பது பாகம் தமிழில் கத்தித் தீர்த்தவன்
யாருடைய குரலிலோ மெதுவாகப் பேசுகிறான்.
கட்டிலோரம் குனிந்து
அவள் நெற்றியில் கைவைத்து
"ஒரு திவசம் போரா" என்கிறான்.

"திவசமா? அய்யோ, செத்துட்டாளா?"
ஒச்சம்மா மாரில் கைவைத்தாள்.
இல்லக்கா, அவங்க பேச்சுல அது நாள்.
போரா என்றால் என்ன என்று
யாரும் கேட்கவில்லை.

கூடையைப் பார்த்துச் சொல்கிற சொல்.
அதை ஒருத்தியின் முகத்தைப் பார்த்தும்
சொல்லலாம் போலிருக்கிறது.
ஒன்பது வருசமாய் மலை ஏறுகிறேன்,
என் காதுக்கு அது எட்டியதில்லை.

முந்தலில் டவர் வந்தது.
பதினான்கு போனும் ஒன்றாக அடித்தன.
கேஸ் சிலிண்டர், டியூசன் பீஸ், எங்கடி இருக்க.
நான்கு நிமிசப் படம் மீதி இருந்தது,
அப்படியே மூடினேன்.
திங்கட்கிழமை திறந்தால்
காலாவதியாகிவிட்டது என்றது,
இணையத்தோடு இணைக்கச் சொன்னது
பதினோராவது வளைவில் வைத்து.
அழித்தேன். இடம் வேண்டும்.
அடுத்தது இருபத்தாறு பாகம்.

அன்றைக்கு எடைக்கொட்டகையில்
சிலம்பாயியின் கூடையை எட்டிப் பார்த்து
பிஜுமோன் போரா என்றான்.
அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்து
தலையைச் சாய்த்து
"ஒரு திவசமா, சாரே?" என்றாள்.

இந்தப் பொம்பளைகள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று
ஜோபியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்,
நாங்கள் ஜீப் ஏறுகிறவரை.
நூறு ரூபாயைக் குறைக்க
மறக்கவில்லை.