இருபத்து நான்காவது கையெழுத்து

எஸ் வளைவில் இறங்கும்போது
அவர் வண்டி கியர் மாற்றுவது
எங்கள் தெருவுக்குக் கேட்காது.
எனக்குக் கேட்கும்.

பத்து நிமிடத்தில்
பன்னிரண்டு சக்கரமும் தெருமுனையில் தயங்கும்.
கிளீனர் பையன் வனராஜ் குதித்து இறங்கி
"வரட்டும் வரட்டும் வரட்டும்... ஹோல்டான்" என்று
பக்கவாட்டுப் பலகையைத் தட்டித் தட்டி
தூங்குகிற புளியரையை எழுப்பியபடி வருவான்.
பிறகு ஒரு பெருமூச்சு,
ஏர் பிரேக்.
எதிர்வீட்டு முருங்கையிலிருந்து சாரல் உதிரும்.

பதினெட்டு அடித் தெரு.
எட்டரை அடி லாரி.
மீதியில்தான் ஆட்டோ வரவேண்டும்,
கேஸ் சிலிண்டர் வரவேண்டும்,
செண்பகவல்லி வீட்டுக் கல்யாணத்துக்கு
மாப்பிள்ளை கார் வரவேண்டும்.
வரவில்லை. மாப்பிள்ளை நடந்து வந்தார்,
பட்டு வேட்டியில் எங்கள் கிரீஸோடு.

சாக்கடை மூடி இரண்டு உடைந்தது.
ஆயிரத்து நானூறு கொடுத்தோம்.
தார்ப்பாய்க் கயிறு மாட்டிக் கேபிள் அறுந்த அன்று
தெரு மொத்தமும் சீரியலுக்குப் பதிலாக
என் வாசலைப் பார்த்தது.

அவரும் என்ன செய்வார்.
பங்க் ஓரம் விட்டுவந்த ஒரே ராத்திரியில்
இரண்டு பேட்டரியும் போயின.
இருபத்தெட்டாயிரம். டீசல் தனி.
அன்றிலிருந்து வண்டி வாசலில்,
அவர் வண்டியில்.

ஆமாம், வண்டியில்.
ஒன்பது நாள் கழித்து வருகிற மனிதர்
குளிப்பார்.
சாளைக் குழம்புக்கு இரண்டு தோசை அதிகம் தின்பார்.
தூங்குகிற மகளின் பாதத்தை விரலால் அளப்பார்.
அப்புறம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கேபினுக்கு ஏறிவிடுவார்.
"டேங்க்ல எவன் கை வச்சாலும்
எனக்குத் தெரிஞ்சுரும் பாத்துக்கோ."
சன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், நாலு அடியில், அவர் குறட்டை.
நடுவே ஒரு லோடு அன்னாசியின் வாசம்.

கோமதிநாயகம் சார் மனு எழுதினார்.
நல்ல தமிழ்.
'பொதுமக்களுக்குப் பெரும் இடையூறாக'
என்ற இடத்தில் அடிக்கோடு.
இருபத்து மூன்று பேர் போட்டிருந்தார்கள்.
காகிதத்தோடு வந்த பையன் ஊருக்குப் புதிது.
லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தவன்
யார் வீடென்று கேட்காமலே
என்னிடமும் பேனாவை நீட்டிவிட்டான்.

படித்தேன்.
பொதுமக்களில் நானும் உண்டா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
போட்டேன்.
பி. சண்முகக்கனி.

பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தது,
வண்டி பங்க்குக்குப் போனது.
தெருவில் சாரல் படாத நீள்சதுரம் ஒன்று
காய்ந்து கிடந்தது.
அதுவும் பத்து நிமிடத்தில் நனைந்தது.
பிள்ளைகள் ஷட்டில் ஆடினார்கள்.
கோமதிநாயகம் சார்
கார் வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அடுத்த நடையில் மனிதர் நடந்தே வீட்டுக்கு வந்தார்.
எனக்குக் கைகால் ஓடவில்லை,
புதுப் பாய் விரித்திருந்தேன்.
குளித்தார், தின்றார், பாதத்தை அளந்தார்,
தலையணையை எடுத்துக்கொண்டு
பங்க்குக்கு நடந்தார்.
இரண்டு கிலோமீட்டர்.

மறுநாள் தூக்குச்சட்டியோடு
செண்பகவல்லியின் ஸ்கூட்டியில் போனேன்.
வழியெல்லாம் கிரீஸ் கறைக் கதை.
முப்பது லாரி,
எல்லாம் ஒரே இருட்டு.
எங்கள் குறட்டையைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன்.

மூன்று படி.
கேபின் இத்தனை உயரமென்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது.
நகர்ந்து இடம் விட்டார்.
மூலையில் மகளுக்கு வாங்கிய செருப்பு,
ஒரு அளவு பெரிது.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:
"ஆபீஸ்ல மனுவக் காட்டினாவ.
எல்லாம் கோழிக் கிறுக்கல்.
கடைசிக் கையெழுத்து மட்டும்
நல்லா வடிவா இருந்துச்சு."
சாளை முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து
டிபன் மூடியில் வைத்தார்.

கீழே செண்பகவல்லி ஹாரன் அடித்தாள்.
முப்பது லாரிக்கும் கேட்டது.
எனக்குக் கேட்கவில்லை.